கிணற்றிலிருந்து தாங்கிக்கு: குழாயில் இழக்கும் உயரத்தைக் கணக்கிடும் முறை

உயர்தரப் பௌதிகவியலில் பேணூலியின் தேற்றத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பிள்ளைகள்கூட, மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ இரசாயன, செயன்முறைப் பொறியியல் படிக்கப் போனதும் பாயிப் பொறியியலில் (ஓடும் திரவங்கள், வாயுக்கள் பற்றிய பாடம்) தடுமாறுகிறார்கள். கணிதம் கடினம் என்பதால் இல்லை. உயர்தரத்தில் தண்ணீர் எதையும் இழக்காமல் ஓடியது. இங்கே ஒவ்வொரு முழக் குழாயும், ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, பம்பி கொஞ்சம் கொடுக்கிறது. பழைய சமன்பாட்டோடு இந்த இரண்டையும் சேர்த்தால் போதும். சேர்க்கும் இடத்தில்தான் பிழை வருகிறது.

விடுமுறையில் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ வந்தால் கிணற்றடியே நல்ல ஆய்வுகூடம். கிணறு, மோட்டர், பிவிசி பைப், மேலே ஒரு தாங்கி. இந்த ஒரு அமைப்பை முழுமையாகக் கணக்கிடத் தெரிந்தால், தொழிற்சாலையில் ஒரு தாங்கியிலிருந்து இன்னொன்றுக்கு அமிலம் அனுப்பும் கணக்கும் தெரியும்.

படத்தைக் கீறி, இரண்டு புள்ளிகளைத் தெரிவு செய்யுங்கள்

எண் எதையும் தொடமுன் படம் கீறுங்கள். முதற்புள்ளி கிணற்றின் நீர்மட்டம். இரண்டாவது புள்ளி தாங்கிக்குள் தண்ணீர் விழும் இடம். இரண்டும் வளிமண்டலத்துக்குத் திறந்திருப்பதால் அமுக்கம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். கிணற்று மட்டம் இறங்கும் வேகம் பூச்சியம் என்று எடுக்கலாம். பம்பியின் வாயைப் புள்ளியாக எடுத்தால் அங்குள்ள அமுக்கம் தெரியாது, கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

சக்தி, இழப்பு எல்லாவற்றையும் அதற்குச் சமமான நீர்நிரலின் மீற்றர் உயரமாகவே எழுதுங்கள். அப்போது சமன்பாடு ஒரே வரி: பம்பி கொடுக்க வேண்டிய உயரம் = மட்ட வித்தியாசம் + குழாய் உராய்வு இழப்பு + பொருத்துகளின் (எல்போ, வால்வு போன்றவை) இழப்பு. குழாய் முனையில் தண்ணீர் வெளியேறும் வேக உயரத்தைப் பொருத்துகளோடு 1.0 என்ற இழப்புக் குணகமாகச் சேருங்கள், அல்லது இரண்டாவது புள்ளியின் வேக உயரமாக எழுதுங்கள். இரண்டையும் எழுதினால் ஒரே பொருளுக்கு இரண்டு தரம் காசு கொடுத்ததாகிவிடும்.

எண்களைப் போடுவோம்

ஆவணி மாதத்துக் கிணறு. நீர்மட்டம் பம்பிக்கு 5 மீற்றர் கீழே. தாங்கியின் வாய் பம்பிக்கு 6 மீற்றர் மேலே. எனவே மட்ட வித்தியாசம் 11 மீற்றர். 1000 லீற்றர் தாங்கி 20 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். அது நிமிடத்துக்கு 50 லீற்றர், செக்கனுக்கு 0.833 லீற்றர். உறிஞ்சும் பக்கம் 8 மீற்றர், தள்ளும் பக்கம் 30 மீற்றர், மொத்தம் 38 மீற்றர் ஒரு அங்குலப் பிவிசி பைப்.

இங்கே நில்லுங்கள். 'ஒரு அங்குலம்' என்பது கடையில் சொல்லும் பெயர், குழாயின் உள்விட்டம் அல்ல. சுவர்த் தடிப்பு வகைக்கு வகை மாறும். ஒரு துண்டை நேராக வெட்டி, வேணியரால் இரண்டு திசைகளில் உள்விட்டத்தை அளந்து சராசரி எடுங்கள். இந்தக் கணக்கில் 28 மில்லிமீற்றர் என்று எடுப்போம். பரப்பு 6.16 சதுர சென்ரிமீற்றர், வேகம் செக்கனுக்கு 1.35 மீற்றர், வேக உயரம் (வேகத்தின் வர்க்கம் ÷ 19.62) 0.093 மீற்றர்.

அடுத்தது றெனோல்ட்ஸ் எண், பாய்ச்சல் எந்த வகை என்று காட்டுவது: அடர்த்தி × வேகம் × விட்டம் ÷ பிசுக்குமை. நம் கிணற்றுத் தண்ணீருக்கு 30 பாகை செல்சியஸ் என்று எடுத்தால் அடர்த்தி கனமீற்றருக்கு 995.7 கிலோகிராம், பிசுக்குமை 0.798 மில்லிபஸ்கால் செக்கன். புத்தகங்களில் வழக்கமாக இருக்கும் 1.0 என்பது 20 பாகைக்குரியது. விடை ஏறக்குறைய 47,000. ஒஸ்போர்ன் றெனோல்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாய நூலொன்றை விட்டுக் காட்டிய எல்லையை நடைமுறையில் இப்படி எடுக்கிறோம்: 2100க்குக் கீழே அருவிக்கோட்டுப் பாய்ச்சல் (கலக்காமல் சீரான கோடுகளாக ஓடுவது), 4000க்கு மேலே கொந்தளிப்பு (சுழன்று கலந்து ஓடுவது). நம் குழாயில் இருப்பது கொந்தளிப்பு.

உயர்தரத்தில் படித்த புவசேயின் சூத்திரத்தை இந்த இடத்தில் போடுவதுதான் மாணவர் விடும் மிகப் பெரிய பிழை. அது அருவிக்கோட்டுப் பாய்ச்சலுக்கு மட்டும் உரியது. இந்தக் குழாயில் அதைப் போட்டால் இழப்பு 0.17 மீற்றர் என்று வரும். சரியான விடை அதைப்போல் 16 மடங்கு. றெனோல்ட்ஸ் எண்ணைக் கணக்கிடாமல் எந்த உராய்வுச் சூத்திரத்தையும் கையில் எடுக்காதீர்கள்.

வழுவழுப்பான பிளாஸ்ரிக் குழாயில், றெனோல்ட்ஸ் எண் ஒரு இலட்சத்துக்குள் இருந்தால், பிளாசியஸ் 1913இல் தந்த சூத்திரம் போதும்: உராய்வுக் காரணி = 0.316 ÷ (றெனோல்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலம்). நமக்கு 0.0214. பழைய இரும்புக் குழாய் என்றால் உட்சுவரின் கரடும் கணக்கில் வரும், அதற்கு மூடி (Moody) என்பவரின் உராய்வுக் காரணி வரைபடத்துக்குப் போக வேண்டும்.

இந்த 0.0214 டாசியின் (Darcy) காரணி. இரசாயனப் பொறியியல் நூல்கள் பல பானிங்கின் (Fanning) காரணியைத் தருகின்றன. அது இதில் நாலில் ஒன்று, 0.0054. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான். வரைபடத்தைத் திறந்ததும் அருவிக்கோட்டுக் கோட்டைப் பாருங்கள். 64 ÷ றெனோல்ட்ஸ் எண் என்றிருந்தால் டாசி, 16 என்றிருந்தால் பானிங். குடிசார் பொறியியல் படிக்கும் நண்பரின் குறிப்பையும் உங்கள் குறிப்பையும் கலந்து படித்தால் விடை நாலு மடங்கு பிழைக்கும், எங்கே பிழைத்தது என்றும் தெரியாது.

இனி உராய்வு இழப்பு = காரணி × (நீளம் ÷ விட்டம்) × வேக உயரம் = 0.0214 × (38 ÷ 0.028) × 0.093 = 2.7 மீற்றர்.

பொருத்துகளுக்கு வேக உயரத்தை ஒவ்வொன்றின் குணகத்தாலும் பெருக்க வேண்டும். வில் உள்ள புட் வால்வுக்கு (உறிஞ்சும் குழாயின் அடியிலுள்ள ஒருவழி வால்வு) வடியோடு சேர்த்து 10, எல்போ ஒன்றுக்கு 0.9 வீதம் ஐந்துக்கு 4.5, முழுதாகத் திறந்த கேற் வால்வுக்கு 0.2, வெளியேறும் முனைக்கு 1.0. கூட்டினால் 15.7. இழப்பு 1.5 மீற்றர். இதில் பாதிக்கு மேல் எடுத்தது புட் வால்வு ஒன்றுதான். எல்போவைக் குறைக்க எல்லாரும் யோசிப்பார்கள். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் வால்வை எவரும் யோசிப்பதில்லை. அதன் வடியில் பாசியும் இலையும் பிடித்தால் 10 என்பது இன்னும் ஏறும்.

மொத்தம் 11 + 2.7 + 1.5 = 15.2 மீற்றர். தண்ணீருக்குக் கொடுக்கும் வலு = அடர்த்தி × 9.81 × பாய்ச்சல் × உயரம் = ஏறக்குறைய 124 வாற்று. சின்னப் பம்பியின் வினைத்திறன் 40 சதவீதம் என்று எடுத்தால் பம்பியைச் சுழற்றும் தண்டுக்கு 310 வாற்று வேண்டும். அரைக் குதிரைவலு என்பது 373 வாற்று. போதும், ஆனால் மிச்சம் அதிகமில்லை.

பம்பி வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண் பெரிதாக இருக்கும்: உச்ச உயரம், உச்சப் பாய்ச்சல். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. உச்ச உயரத்தில் பாய்ச்சல் பூச்சியம். உச்சப் பாய்ச்சலில் உயரம் கிட்டத்தட்ட இல்லை. தேட வேண்டியது பம்பியின் வளைகோட்டில் (எந்தப் பாய்ச்சலில் எவ்வளவு உயரம் என்று காட்டும் கோடு) நிமிடத்துக்கு 50 லீற்றர், 15.2 மீற்றர் என்ற ஒரு புள்ளியை.

விட்டத்தில் கை வைத்தால் என்ன நடக்கும்

காசு மிச்சம் பிடிக்க முக்கால் அங்குலம் போடுவோம் என்பார்கள். உள்விட்டம் 22 மில்லிமீற்றர் என்று வையுங்கள். கொந்தளிப்பில் அதே பாய்ச்சலுக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் 4.75ஆம் அடுக்குக்கு நேர்மாறாகப் போகும். 2.7 மீற்றர் 8.5 ஆகும், பொருத்துகளின் 1.5 மீற்றர் 3.8 ஆகும். மொத்தம் 23.3 மீற்றர். அரைக் குதிரைவலு மோட்டரால் அந்தப் பாய்ச்சலைக் கொடுக்க முடியாது. தண்ணீர் வரும், ஆனால் 20 நிமிட வேலை நீண்டுகொண்டே போகும், மின்கட்டணமும் கூடவே போகும். மறுபக்கம், 36 மில்லிமீற்றர் உள்விட்டம் உள்ள குழாய் போட்டால் மொத்தம் 12.4 மீற்றர்தான். குழாய்க்கு ஒருமுறை கொடுக்கும் காசு, மின்சாரத்துக்கு மாதாமாதம் கொடுக்கும் காசு. இரண்டையும் எடைபோடுவதுதான் பொறியியலாளரின் வேலை.

வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு குழாயிலும் படியும். சுவரில் ஒரு மில்லிமீற்றர் படிந்தால் 28 என்பது 26 ஆகும், உராய்வு இழப்பு ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். படிவின் கரட்டுத்தன்மையைச் சேர்த்தால் அதற்கும் மேல். புதிதாகப் பூட்டியபோது நன்றாக வந்த தண்ணீர் சில வருடத்தில் சோர்ந்துபோவதற்கு மோட்டரைக் குறை சொல்லமுன் ஒரு மூட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள்.

"மோட்டர் சுத்துது, தண்ணி வருதில்லை"

மாரியில் கிணறு முட்ட நிற்கும்போது இந்தப் பேச்சே எழாது. ஆவணி, புரட்டாதியில் வீட்டுக்கு வீடு கேட்கும். தள்ளும் பக்கத்தை மட்டும் கணக்கிட்டு உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டால் காரணம் பிடிபடாது.

பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. அது தன் வாயில் அமுக்கத்தைக் குறைக்கிறது. கிணற்று மட்டத்தில் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. வளிமண்டல அமுக்கம் 101.3 கிலோபஸ்கால், தண்ணீராகச் சொன்னால் 10.37 மீற்றர். கையிருப்பு அவ்வளவுதான். எத்தனை குதிரைவலு மோட்டர் பூட்டினாலும் அது கூடாது. அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள். 30 பாகையில் தண்ணீரின் ஆவியமுக்கம் (அந்த வெப்பநிலையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் அமுக்கம்) 4.25 கிலோபஸ்கால், அதாவது 0.43 மீற்றர். ஏற்ற உயரம் 5 மீற்றர். உறிஞ்சும் குழாய் 8 மீற்றருக்கு 0.57, புட் வால்வுக்கு 0.93, ஒரு எல்போவுக்கு 0.08. மிஞ்சுவது 3.35 மீற்றர்.

இதைத்தான் பம்பிக் கையேடுகள் கிடைக்கும் என்.பி.எஸ்.எச். (NPSH, உறிஞ்சும் வாயில் ஆவியமுக்கத்துக்கு மேல் மிஞ்சும் உயரம்) என்று சொல்கின்றன. பம்பிக்குத் தேவையான என்.பி.எஸ்.எச். அதன் வளைகோட்டில் இருக்கும். கிடைப்பது தேவையை விட அரை மீற்றராவது கூடுதலாக இருக்க வேண்டும். நீர்மட்டம் இன்னும் இரண்டரை மீற்றர் இறங்கட்டும்: 3.35 என்பது 0.85 ஆகும். அமுக்கம் ஆவியமுக்கத்தை எட்டியதும் தண்ணீர் 30 பாகையிலேயே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் சுழலியின் (பம்பிக்குள் சுழலும் சில்லு) உயரமுக்கப் பக்கத்தில் நசுங்கி உடையும்போது, தகரத்துக்குள் சரளைக்கல் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்கும். சுழலியைக் கழற்றினால் அம்மைத் தழும்புபோல் பள்ளம் பள்ளமாக இருக்கும்.

செய்யக்கூடியவை சில. பம்பியைக் கிணற்றுக்குள் ஒரு தட்டுக் கட்டி இறக்கினால், இறக்கும் ஒவ்வொரு மீற்றரும் அப்படியே கைக்கு வரும். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் 36 மில்லிமீற்றருக்கு மாற்றினால் ஒரு மீற்றர் கிடைக்கும். பாய்ச்சலைக் குறைக்க வேண்டுமென்றால் தள்ளும் பக்கத்து வால்வைத் திருகுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் திருகுவது பம்பியின் கழுத்தை நெரிப்பது. மட்டம் ஏழு மீற்றருக்குக் கீழே போகும் கிணற்றில் மேலே வைக்கும் பம்பியை மறந்துவிட்டு, தண்ணீருக்குள் இறக்கும் பம்பியைப் பூட்டுங்கள்.

இன்னொரு காரணம், காற்று. உறிஞ்சும் குழாயில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. உள்ளே அமுக்கம் குறைவு என்பதால் காற்றுத்தான் உள்ளே போகும், எனவே கண்ணுக்குத் தெரியாது. மோட்டர் ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரையைப் பூசுங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் நுரை சுருங்கி உள்ளே இழுபடும். உறிஞ்சும் குழாய் பம்பியை நோக்கிச் சிறிது ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் முதுகு வளைந்தால் அந்த வளைவில் காற்று தங்கும்.

கணக்கைக் கையால் சரிபாருங்கள்

விடை சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. 10 மீற்றர் தோட்டக் குழாய், ஒரு பரல், 10 லீற்றர் வாளி, இரண்டு மீற்றர் நீளத்தில் இரண்டு சேலைன் குழாய், கையடக்கத் தொலைபேசியின் நேரமானி. பரலின் நீர்மட்டம் குழாய் முனைக்கு இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே நிற்கட்டும். பரலுக்கு மேலதிகமாகத் தண்ணீர் விட்டு வழியவிட்டால் மட்டம் மாறாது. குழாயைத் தரையில் நேராக விரியுங்கள். நுழையும் வாயிலிருந்து ஒன்றரை மீற்றரில் ஒரு துளை, அதிலிருந்து 6 மீற்றரில் இன்னொரு துளை. துளைகளில் சேலைன் குழாயை இறுக்கி ஒட்டி, இரண்டையும் நேராக மேலே தூக்கிக் கட்டுங்கள். குழாய்க்குள் அது நீட்டிக்கொண்டு நின்றால் அளவு பிழைக்கும், உட்சுவரோடு மட்டமாக இருக்க வேண்டும்.

சேலைன் குழாய்க்குள் குமிழி இருந்தால் விரலால் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு விரற்கடைக் குமிழி அதே அளவு பொய் சொல்லும். மெல்லிய குழாயில் தண்ணீர் மயிர்த்துளைமையால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இரண்டிலும் ஒரே அளவு என்பதால் வித்தியாசம் எடுக்கும்போது அது போய்விடும்.

தோட்டக் குழாயின் உள்விட்டத்தை வேணியரால் அளக்காதீர்கள், றப்பர் நசியும். முழுக் குழாயையும் நிரப்பி, அதன் தண்ணீரை அளவுச்சாடியில் ஊற்றுங்கள். 10 மீற்றரில் 1.23 லீற்றர் இருந்தால் விட்டம் 12.5 மில்லிமீற்றர். இப்போது வாளி நிரம்பும் நேரத்தை மூன்று தரம் எடுங்கள். 62 செக்கன் என்றால் வேகம் 1.31 மீற்றர், றெனோல்ட்ஸ் எண் 20,500, உராய்வுக் காரணி 0.0264, ஆறு மீற்றருக்கு இழப்பு 1.1 மீற்றர். சேலைன் குழாய்கள் இரண்டிலும் நிற்கும் மட்டங்களின் வித்தியாசமும் அதற்குக் கிட்ட இருக்க வேண்டும். விட்டத்தை 13.5 என்று பிழையாக எடுத்திருந்தால் கணக்கு 0.77 மீற்றர் என்று சொல்லியிருக்கும். ஒரு மில்லிமீற்றர் செய்யும் வேலை அது.

தண்ணீர் இல்லாத பாயிகள்

குடிசார் பொறியியலாளருக்குப் பெரும்பாலும் தண்ணீரோடு வேலை முடிந்துவிடும். இரசாயனப் பொறியியலாளருக்கு இங்கேதான் தொடங்குகிறது. அதே 28 மில்லிமீற்றர் குழாய், அதே பாய்ச்சல், தண்ணீருக்குப் பதில் 30 பாகையில் தேங்காயெண்ணெய்: அடர்த்தி 915, பிசுக்குமை ஏறக்குறைய 40 மில்லிபஸ்கால் செக்கன். றெனோல்ட்ஸ் எண் 870க்கு இறங்கிவிடும். இப்போது அருவிக்கோட்டுப் பாய்ச்சல், இப்போது புவசேய் சரி. காரணி 64 ÷ 870 = 0.074, 38 மீற்றருக்கு இழப்பு 9.3 மீற்றர். தண்ணீரின் பாய்ச்சலை இரட்டித்தால் இழப்பு 3.4 மடங்காகும். எண்ணெயை இரட்டித்தால் சரியாக இரண்டு மடங்குதான். மேலே தந்த பொருத்துக் குணகங்கள் கொந்தளிப்புக்கு உரியவை, எண்ணெய்க்கு அவற்றை அப்படியே எடுக்கக் கூடாது.

வெப்பநிலையை மறக்காதீர்கள். தைமாத விடியலில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும் எண்ணெயை வெயிலில் வைத்துத்தான் தலைக்கு எடுக்கிறோம். அதே எண்ணெய் இரவு முழுவதும் குழாய்க்குள் நின்றால் காலையில் எந்தப் பம்பியாலும் அது நகராது. குழாயைச் சூடாக்கும் ஏற்பாடும், வேலை முடிந்ததும் வடிக்கும் வால்வும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

பரந்தனில் ஒருகாலத்தில் உற்பத்தியான கோஸ்டிக் சோடாவை எடுங்கள். 50 சதவீதக் கரைசலின் அடர்த்தி 20 பாகையில் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. பிசுக்குமை கிட்டத்தட்ட 78 மடங்கு. மையநீக்கப் பம்பி (சுழலி வேகத்தால் தள்ளும், கிணற்றடியில் பூட்டும் வகை) கொடுக்கும் உயரம் மீற்றரில் அடர்த்தியால் மாறாது, ஆனால் மோட்டர் செலுத்த வேண்டிய வலு அடர்த்தியோடு ஏறும். தண்ணீருக்கு அளந்து வாங்கிய மோட்டரில் இதை ஓட்டினால் சுருள் கருகும். போதாதென்று பிசுக்குமை பம்பியின் வினைத்திறனையும் தின்னும்.

இப்படித் தடித்த பாயிகளுக்குப் பற்சக்கரப் பம்பிதான் (பற்சக்கரங்களுக்கிடையில் பாயியைப் பிடித்துத் தள்ளுவது) பொருத்தம். பழக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மையநீக்கப் பம்பியைத் தள்ளும் வால்வு மூடியபடி தொடக்கலாம், அதுதான் நல்ல முறையும்கூட, தொடக்கத்தில் மோட்டருக்குச் சுமை குறைவு. பற்சக்கரப் பம்பியை அப்படித் தொடக்கினால் பாயி போக இடமின்றி அமுக்கம் ஏறிக்கொண்டே போய்க் குழாயோ பம்பியோ வெடிக்கும். பம்பிக்கும் முதல் வால்வுக்கும் இடையில் ஒரு அமுக்க விடுவிப்பு வால்வைப் பூட்டி, அதன் வாயை உறிஞ்சும் தாங்கிக்கே திருப்பி விடுங்கள். ஆளியைப் போடமுன் தள்ளும் வால்வு திறந்திருக்கிறதா என்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள்.